டிஎல்எல்லா, பிஎல்எல்லா, இல்ல ரெண்டுமே வேணாமா? மெமரி சிப்புக்கு க்ளாக் எடுக்குற வழிகள், ஒரு ஒப்பீடு

போன மாசம் ஊருக்கு வந்துட்டு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுல பெங்களூரு பஸ்ஸுக்கு நிக்கிறேன், பக்கத்துல நம்ம ஏரியா தம்பி ஒருத்தன், எம்இ விஎல்எஸ்ஐ (சிப் டிசைன்) படிக்கிறான், பாத்ததும் புடிச்சுக்கிட்டான். "அண்ணா, வெள்ளிக்கிழமைக்குள்ள ப்ராஜெக்ட் டைட்டில் குடுக்கணும், மெமரிக்கு லோ பவர் க்ளாக்னு ஏரியா மட்டும் முடிவாயிருச்சு, கைடு பிஎல்எல் பண்ணுன்றாரு, சீனியர் டிஎல்எல் தான் ஈஸின்றாரு, பேப்பரைத் தொறந்தா இஞ்செக்‌ஷன் லாக்கிங்னு போட்டிருக்கான், எதைணா எடுக்கட்டும்?" பஸ் வந்துருச்சு, பாதி பதில் சொல்லி ஏறிட்டேன். அதே வாரம் பாலக்கோட்டுக்காரப் பொண்ணு ஒண்ணு, வேலைக்குச் சேந்து ஆறு மாசம் ஆகுது, கிட்டத்தட்ட இதே கேள்விய வேற மாதிரி கேட்டுச்சு. சரி, தனித்தனியா போன்ல கத்துறதுக்கு ஒரே தடவை எழுதிப் போட்டுரலாம்னு தோணுச்சு.

புதுசா வர்றவங்களுக்கு: க்ளாக்ன்னா சிப்புக்குள்ள எல்லா வேலைக்கும் தாளம் போடுற துடிப்பு. டிஎல்எல் (டிலே லாக்டு லூப்), பிஎல்எல் (ஃபேஸ் லாக்டு லூப்), இஞ்செக்‌ஷன் லாக்கிங், எல்லாமே அந்தத் தாளத்தை ஒழுங்கா நிறுத்துற சர்க்கியூட் வகைங்க. மொதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். "எது பெஸ்ட்"னு கேட்டா பதிலே கிடையாது. மெமரில துல்லியம் சும்மா வராது, யாராச்சும் ஒருத்தர் அதுக்கு காசு குடுத்தாகணும், கரண்டாவோ இடமாவோ எழுந்திரிக்கிற நேரமாவோ. அந்தக் காசை மெமரி சிப் குடுக்குதா, எதிர்ல இருந்து அதுகிட்ட டேட்டா கேட்டு வாங்குற கன்ட்ரோலர் சிப் குடுக்குதா, அதுதான் இங்க நிஜமான கேள்வி. இதை மனசுல வெச்சுக்கிட்டுப் படிங்க.

## எதை வெச்சு எடை போடுறது

உங்க க்ளாக் என்ன வேலை செய்யப் போகுதுன்னு மொதல்ல ஒரு பேப்பர்ல எழுதுங்க. நாலு வேலை இருக்கு. வெளிய இருந்து வர்ற க்ளாக்கோட டேட்டாவை நேரா நிறுத்துறது, ஃப்ரீக்வென்ஸியப் பெருக்குறது, ஒரு க்ளாக்கை நாலு ஃபேஸா (ஒண்ணுக்கொண்ணு கால் சைக்கிள் தள்ளி நிக்கிற நாலு க்ளாக்கா) பிரிக்கிறது, ட்யூட்டி சைக்கிளை (ஒரு சைக்கிள்ல க்ளாக் மேல இருக்குற நேரத்தோட பங்கை) அம்பது சதவீதத்துல புடிச்சு வெக்கிறது. நிறைய பேரு இந்த நாலையும் ஒரே சட்டில போட்டு கலக்கிட்டு அப்புறம் ஆர்க்கிடெக்சர் தேடுறாங்க, அங்கதான் சிக்கலே ஆரம்பிக்குது.

அடுத்து, எவ்ளோ துல்லியம். டிடிஆர்5-6400 (கம்ப்யூட்டர் மெமரில ஒரு தலைமுறை, கடைசி எண்ணு வேகம்) எடுத்தா க்ளாக் 3200 மெகாஹெர்ட்ஸ், ஒரு சைக்கிள் 312.5 பிகோ செகண்ட், மேல ஏறும்போது ஒரு பிட்டு எறங்கும்போது ஒரு பிட்டுன்றதால ஒரு பிட்டுக்கு கெடைக்கிறது 156.25 பிகோ. டிடிஆர்4-3200ல இதே 312.5 பிகோ இருந்துச்சு. ஒரு தலைமுறைல ஜன்னல், அதாவது ஒரு பிட்டுக்கு கெடைக்கிற நேரம், பாதியாயிருச்சு, ஆனா வோல்டேஜ் 1.2ல இருந்து 1.1க்குத்தான் எறங்குச்சு. ஜிட்டர், அதாவது க்ளாக் ஏறி எறங்குற நேரம் முன்ன பின்ன ஆடுறது, 10 பிகோன்னு சும்மா சொன்னா அர்த்தமே இல்ல, எந்த ஜன்னல்ல 10 பிகோன்னு சொல்லணும்.

மூணாவது பவர், இதுல ஓடும்போது எவ்ளோ, தூங்கும்போது எவ்ளோன்னு ரெண்டு கணக்கு. மெமரி பாதி நேரம் சும்மாதான் ஒக்காந்திருக்கும், அதனால ரெண்டாவது கணக்குதான் பல இடத்துல பெருசு. நாலாவது எழுந்திரிக்கிற நேரம், இது மூணாவதோட ஒட்டிப்பொறந்தது, ஏன்னா எழுந்திரிக்க லேட்டானா தூங்க வெக்கவே பயப்படுவோம். அஞ்சாவது சப்ளை ஆடும்போது க்ளாக் எவ்ளோ ஆடுது. சாதா சிமாஸ் இன்வெர்ட்டர்ல (சிக்னலைத் தலைகீழா திருப்புற அடிப்படை சர்க்கியூட்) சப்ளை ஒரு சதவீதம் கொறஞ்சா டிலேயும் ஏறக்குறைய அதே அளவுக்கு கூடும், மெமரிக்குள்ள ஒரு பேங்க்கை (மெமரியோட ஒரு பகுதியை) ஆக்டிவேட் பண்ணும்போது சப்ளை ஆடாம இருக்காது.

ஆறாவது ஒண்ணு இருக்கு, பேப்பர்ல யாரும் எழுத மாட்டாங்க: நீங்க டிசைன் பண்ணதை நீங்களே சோதிச்சுப் பாக்க முடியுமா? நான் படிச்சப்போ பிஎல்எல் பண்ணேன், டிபிகல் கார்னர்ல (ட்ரான்சிஸ்டரெல்லாம் சராசரியா இருக்குற நிலைமைல) மட்டும் ஓட்டி அழகா லாக் ஆன படத்தை பிரின்ட் எடுத்துட்டுப் போனேன், வைவாவுல வெளிய இருந்து வந்தவர் ஒரே கேள்விதான் கேட்டாரு, "சப்ளை பத்து சதவீதம் எறங்கினா?" நான் ஃபேனைப் பாத்தேன். அவரும் பாத்தாரு.

## டிஎல்எல்

டிஎல்எல்ன்னா என்னன்னு நம்ம பஸ் ஸ்டாண்டை வெச்சே சொல்லலாம். இருபது நிமிஷத்துக்கு ஒரு டவுன் பஸ்னு வெச்சுக்கோங்க. நீங்க அஞ்சு நிமிஷம் லேட்டா வந்துட்டீங்க. போன பஸ்ஸை திருப்பிக் கூப்புட முடியாது. ஆனா இன்னும் பதினஞ்சு நிமிஷம் சும்மா நின்னா அடுத்த பஸ் கெளம்புற நேரத்துக்கு சரியா இருப்பீங்க. மெமரிக்குள்ள க்ளாக் வந்து இன்புட் பஃபர், க்ளாக் ட்ரீ (க்ளாக்கை சிப்பு முழுக்க பிரிச்சுக் கொண்டுபோற வயரும் பஃபரும்), அவுட்புட் டிரைவர்னு தாண்டும்போது லேட்டாயிருது, அந்த லேட்டைக் கொறைக்க முடியாது, அதனால டிலே லைன் போட்டு இன்னும் கொஞ்சம் லேட் பண்ணி ஒரு முழு சைக்கிளுக்குக் கொண்டாந்து நிறுத்துறோம். அவ்ளோதான் டிஎல்எல். 2000 வாக்குல வந்த மொத டிடிஆர்ல இருந்து டிடிஆர்5 வரைக்கும் இந்த வேலைக்கு இவன்தான் இருக்கான்.

இவனோட பெரிய ப்ளஸ், தப்பு சேராது. டிலே லைன்ல ஒரு எட்ஜ் (க்ளாக் ஏறுற இல்ல எறங்குற கணம்) கொஞ்சம் ஆடினா அந்த எட்ஜோட போச்சு, அடுத்த எட்ஜ் வெளிய இருந்து புதுசா வருது. லூப்பும் ஃபர்ஸ்ட் ஆர்டர், ஸ்டெபிலிட்டிக்கு பெருசா தலைய பிச்சுக்க வேணாம். மைனஸ், வெளிய இருந்து வர்ற க்ளாக்குல ஜிட்டர் இருந்தா அப்படியே உள்ள விட்டுருவான், கோணலான ட்யூட்டிய கோணலாவே குடுப்பான், ஃப்ரீக்வென்ஸியப் பெருக்கவும் மாட்டான்.

அனலாக்ல பண்ணலாம், டிஜிட்டல்ல பண்ணலாம். அனலாக்ல சார்ஜ் பம்ப், ஒரு கெப்பாசிட்டர், அதுல நிக்கிற வோல்டேஜ் டிலேயை மாத்தும். நைசா வரும், படிப்படியா குதிக்காது, சப்ளை ஆட்டத்துக்கும் நல்லா டிசைன் பண்ணா அசையாது, 1996ல மனியாட்டிஸ் எழுதுன செல்ஃப் பயஸ் பேப்பரை இன்னும் ஜனங்க படிக்கிறதுக்கு அதுதான் காரணம். ஆனா தூங்க வெச்சா அந்த கெப்பாசிட்டர்ல இருக்குற வோல்டேஜ் கசிஞ்சு போயிரும், எழுந்திரிச்சதும் முதல்ல இருந்து தேடணும்.

டிஜிட்டல்ல எவ்ளோ டிலேன்ற எண்ணு, அதாவது கோட், ரிஜிஸ்டர்ல இருக்கும், நிறுத்திட்டு திரும்ப ஆரம்பிச்சா வெப்பமும் வோல்டேஜும் ரொம்ப மாறாத வரைக்கும் விட்ட எடத்துல இருந்தே ஓடுவான். அதுக்கு வெலை என்னன்னா ஸ்டெப். ஒரு ஸ்டெப் 10 பிகோன்னா லாக் ஆன பிறகும் ரெண்டு ஸ்டெப்புக்கு நடுவுல ஆடிக்கிட்டே இருப்பான், அந்த ஆட்டம் நேரா உங்க 156 பிகோவுல கைய வெக்கும். அதனாலதான் பெரிய படிக்கு கோர்ஸ் ஒண்ணு, சின்ன படிக்கு ஃபைன் ஒண்ணுன்னு ரெண்டு அடுக்கா பண்றாங்க, கோர்ஸ் ஒரு படி மாறும்போது ஃபைன்ல ஒரு குதி வராம பாத்துக்கிறது தனி வித்தை, பாதி ப்ராஜெக்ட் அங்கதான் சாகும்.

மறைஞ்சிருக்குற செலவு இங்க மூணு. ஒண்ணு ரெப்ளிகா. அவுட்புட் டிரைவர் எவ்ளோ லேட் பண்ணுதுன்னு தெரிஞ்சுக்க அதே மாதிரி ஒரு டம்மி பாதையை உள்ள போட்டு அதைத்தான் லூப் அளக்குது. நிஜ டிரைவர் வெளிய பேக்கேஜையும் போர்டையும் தள்ளுறான், டம்மி சொகுசா உள்ள ஒக்காந்திருக்கான், ரெண்டும் ஒண்ணாவே இருக்காது. லூப் கச்சிதமா லாக் ஆயிருக்கும், டேட்டா கோணலா நிக்கும். ரெண்டாவது தப்பான சைக்கிள்ல லாக் ஆகுறது, ஒரு சைக்கிளுக்குப் பதிலா ரெண்டு சைக்கிள் டிலேல போய் ஒக்காந்துட்டு சந்தோசமா இருப்பான், ஆரம்பத்துல டிலே எங்க இருந்து தொடங்குதுன்னு கட்டுப்படுத்தணும்.

மூணாவது எழுந்திரிக்கிற நேரம், இதைக் கொஞ்சம் நின்னு பாக்கலாம். டிடிஆர்3-1600ல டிஎல்எல் லாக் ஆக 512 சைக்கிள் குடுக்கணும், சைக்கிள் 1.25 நானோ, ஆக 640 நானோ செகண்ட். டிடிஆர்4-3200ல 1024 சைக்கிள், சைக்கிள் 0.625 நானோ, பெருக்கிப் பாருங்க, அதே 640. வேகம் ரெண்டு மடங்காயும் லாக்குக்கு விடுற நேரம் ஒரு நானோ செகண்ட் கூட கொறையல. டிடிஆர்3ல இன்னொரு சமாச்சாரம், ப்ரீசார்ஜ் பவர் டவுன்ல (மெமரி தூங்குற ஒரு நிலைல) இருந்து வெளிய வர டிஎல்எல் ஓடிட்டே இருந்தா 6 நானோ போதும், டிஎல்எல்லை நிறுத்தி வெச்சிருந்தா 24 நானோ, சைக்கிள் கணக்குல கீழ்வரம்பு தனியா இருக்கு. கரண்டு மிச்சம் புடிச்சா 18 நானோ அபராதம். இந்த ஒரு வரிய புரிஞ்சுக்கிட்டா மொத்த கட்டுரையும் புரிஞ்ச மாதிரிதான்.

டிஎல்எல்லையே ஆஃப் பண்ணி ஓட்டவும் டிடிஆர்3 விடுது, ஆனா 125 மெகாஹெர்ட்ஸுக்கு மேல போகக் கூடாது. டிஎல்எல் எதுக்கு கரண்டு குடிக்குதுன்னு கேக்குறவங்களுக்கு அதுதான் பதில்.

எப்போ எடுக்கலாம்: க்ளாக்கும் டேட்டாவும் நேரா நிக்கணும், ஃப்ரீக்வென்ஸி பெருக்க வேணாம், வெளிய இருந்து வர்ற க்ளாக் சுத்தமா இருக்கு. சர்வர், டெஸ்க்டாப் மெமரி மாதிரி எடம்.

## பிஎல்எல்

மாரியம்மன் பண்டிகைல ரெண்டு பம்பைக்காரங்களை நெனச்சுக்கோங்க. டிஎல்எல்ன்றவன் மொத ஆளு ஒவ்வொரு அடி அடிச்சதும் கேட்டுட்டு அதுல இருந்து இவ்ளோ நேரம் தள்ளி அடிக்கிறவன். பிஎல்எல் அப்படி இல்ல, சொந்தமா தாளம் வெச்சிருக்கான், மொத ஆளைக் காதுல வாங்கிக்கிட்டே தன்னோட வேகத்தை கூட்டிக் கொறைச்சுக்குவான். சொந்தத் தாளம் இருக்குறதால மொத ஆளு ஒரு அடிக்கு இவன் நாலு அடி போடலாம், பெருக்கல் வந்துருச்சு. மொத ஆளு அங்க இங்க தடுமாறினாலும் இவன் பெருசா கண்டுக்க மாட்டான், இன்புட் ஜிட்டர் வடிகட்டி ஆயிருச்சு. ஆனா இவனே ஒரு அடி தவறிட்டா? அடுத்த அடிய அந்தத் தவறுன எடத்துல இருந்துதான் எண்ணுவான். தப்பு மேல தப்பு சேந்துக்கிட்டே போவும், லூப் கண்டுபுடிச்சு இழுக்குற வரைக்கும்.

அந்த லூப் எவ்ளோ சீக்கிரம் இழுக்கும்? பேண்ட்விட்த்தை (லூப் எவ்ளோ வேகமான ஆட்டம் வரைக்கும் திருத்தும்ன்ற அளவை) ரெஃபரன்ஸ், அதாவது வெளிய இருந்து வர்ற க்ளாக், ஃப்ரீக்வென்ஸில பத்துல ஒரு பங்குக்கு மேல வெச்சா ஸ்டெபிலிட்டி கெட்டுரும்னு ஒரு கைக்கணக்கு எல்லாரும் வெச்சிருப்பாங்க. 100 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸ்னா 10 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்விட்த், அதை விட வேகமா நடக்குற சப்ளை ஆட்டத்தை இவன் திருத்தவே மாட்டான். லாக் ஆகுற நேரமும் அதனாலயே மைக்ரோ செகண்ட் கணக்குல போயிரும்.

மெமரில பிஎல்எல்லுக்கு தனிக் கஷ்டம் ஒண்ணு இருக்கு. டிராம் (மெமரி சிப்) செய்யுற ப்ராசஸ்ல மெட்டல் லேயர் ரொம்பக் கொஞ்சம், ட்ரான்சிஸ்டரும் லாஜிக் சிப் ட்ரான்சிஸ்டர் வேகத்துக்கு வராது. நல்ல இன்டக்டர் போட்டு எல்சி ஆசிலேட்டர் பண்றது பெரும்பாடு, இன்வெர்ட்டரை வட்டமா கோத்த ரிங் ஆசிலேட்டர்தான் கதி, ரிங்ன்னா சப்ளை நாய்ஸ், சப்ளை நாய்ஸ்னா ரெகுலேட்டர், ரெகுலேட்டர்னா ஹெட்ரூம் (அது வேலை செய்ய விடவேண்டிய மிச்ச வோல்டேஜ்), 1.1 வோல்ட்டுல ஹெட்ரூமுக்கு எங்க போறது? லூப் ஃபில்டர் கெப்பாசிட்டர் இடம் வேற. இதையெல்லாம் "பிஎல்எல் பவர்"னு ரிப்போர்ட்ல போடுற எண்ணுல பல பேரு சேக்கவே மாட்டாங்க.

அப்போ மெமரில பிஎல்எல்லே இல்லையான்னா, இருக்கு. கிராபிக்ஸ் கார்டுல வர்ற ஜிடிடிஆர்5ல இருக்கு, வேணும்னா ஆன் பண்ணிக்கலாம். ஒரு பின்னுல செகண்டுக்கு 5 ஜிகாபிட் ஓடும்போது அங்க கமாண்டுக்கு 1.25 ஜிகாஹெர்ட்ஸ் க்ளாக், டேட்டாவுக்கு தனியா 2.5 ஜிகாஹெர்ட்ஸ்ல ஒரு ரைட் க்ளாக். ஃபுல் லோடுல ஓடிக்கிட்டே இருக்குற எடத்துல, ஜிட்டரை வடிகட்டணும்ன்ற எடத்துல பிஎல்எல்லுக்கு நியாயம் உண்டு. அடிக்கடி தூங்குற எடத்துல கெடையாது. கன்ட்ரோலர் பக்கமோ வேற கதை, அங்க லாஜிக் ப்ராசஸ், மெட்டல் நெறைய, பிஎல்எல் கட்டாயம்.

## இஞ்செக்‌ஷன் லாக்கிங், எம்டிஎல்எல்

ஆடி பதினெட்டுக்கு மரத்துல தூரி கட்டி ஆடுவோம்ல, தூரிக்குன்னு ஒரு வேகம் இருக்கு, அதுக்குக் கிட்டத்துல லேசா தள்ளிவிட்டுக்கிட்டே இருந்தா தள்ளுறவன் வேகத்துக்கே ஆட ஆரம்பிச்சுரும். இதுதான் இஞ்செக்‌ஷன் லாக்கிங். 1665ல ஹைகன்ஸ் ரெண்டு பெண்டுலம் கடிகாரம் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போறதைப் பாத்தாரு, 1946ல அட்லர் ஆசிலேட்டருக்கு கணக்கு எழுதினாரு. ஃபேஸ் டிடெக்டர் இல்ல, சார்ஜ் பம்ப் இல்ல, பெரிய கெப்பாசிட்டர் இல்ல. சில சைக்கிள்ல லாக், நிறுத்தி நிறுத்தி ஓட்டலாம், ரிங்குக்குள்ள இருந்தே நாலு ஃபேஸ் எடுத்துக்கலாம். பேப்பர்ல இவனைப் புகழ்றதுக்கு காரணம் இருக்கு.

புகழாத பக்கம்: தூரியோட சொந்த வேகம் தள்ளுறவன் வேகத்துக்கு பக்கத்துல இருக்கணும். சிப் சூடாச்சு, வோல்டேஜ் எறங்குச்சுன்னா ரிங்கோட சொந்த ஃப்ரீக்வென்ஸி நகந்துரும், லாக் ஆகுற எல்லையத் தாண்டிருச்சுன்னா அவ்ளோதான். எல்லைக்குள்ளயே இருந்தாலும் ஃபேஸ் சாஞ்சு நிக்கும், நாலு ஃபேஸும் சமமா இருக்காது. அதைப் பாத்துக்க ஒரு காலிப்ரேஷன் லூப் தனியா ஓடணும், "லூப்பே இல்ல"ன்னு சொல்லித்தானே இவனை எடுத்தோம்!

எம்டிஎல்எல் (மல்டிப்ளையிங் டிஎல்எல்)ன்றது டிஎல்எல்லுக்கும் பிஎல்எல்லுக்கும் நடுவுல. ரிங் தன்பாட்டுக்கு ஓடும், ஆனா ஒவ்வொரு எட்டாவது எட்ஜுக்கும், இல்ல எதுவோ ஒரு எண்ணுக்கும், உள்ள இருக்குற எட்ஜைத் தூக்கிப் போட்டுட்டு வெளிய இருந்து வர்ற சுத்தமான எட்ஜை சொருகிருவாங்க. சேந்த தப்பெல்லாம் அங்க அழிஞ்சுரும். மாத்துற அந்த நேரம் கொஞ்சம் தவறினாலும் எட்டுக்கு ஒரு சைக்கிள் நீளமாவோ குட்டையாவோ வரும், சீரா திரும்பத் திரும்ப வர்ற ஜிட்டர். இதுக்கு மேல இவனைப் பத்தி சொல்ல எனக்கு பெருசா இல்ல, எம்இ லெவல்ல நல்ல டாபிக், பிஇக்கு வேணாம்.

## லூப்பே வேணாம்னு விடுறது

இதை ஒரு ஆப்ஷனாவே நம்ம பசங்க எடுக்கறது இல்ல, ஆனா உங்க பாக்கெட்ல இருக்குற போன் இதுலதான் ஓடுது.

பாலக்கோட்டுல இருந்து தக்காளி லாரி கோயம்பேட்டுக்குப் போவுது. இத்தனை மணிக்கு டான்னு வரும்னு யாரும் வாக்கு குடுக்க மாட்டாங்க. டிரைவர் பக்கத்துல வந்துட்டு போன் அடிப்பாரு, எறக்குறவங்க தயாரா இருப்பாங்க. போன்ல வர்ற லோ பவர் மெமரி, எல்பிடிடிஆர், அப்படித்தான். டேட்டாவோட சேந்தே ஸ்ட்ரோப் (டேட்டாவை எப்போ எடுத்துக்கணும்னு சொல்ற சிக்னல்) வருது, அதுவும் இதுவும் ஒண்ணா லேட்டாகும், ஒண்ணா சீக்கிரம் வரும். மெமரிக்குள்ள டிஎல்எல் கெடையாது. எல்பிடிடிஆர்4ல க்ளாக்ல இருந்து ஸ்ட்ரோப் வெளிய வர 1.5 நானோல இருந்து 3.5 நானோ வரைக்கும் எவ்ளோ வேணா ஆகலாம்னு விட்டுட்டாங்க. 4266 வேகத்துல ஒரு பிட்டு 234 பிகோ, அந்த ரெண்டு நானோ இடைவெளின்றது எட்டு பிட்டுக்கு மேல! அதைத் தேடிப் புடிக்கிறது கன்ட்ரோலர் தலைல. ட்ரெயினிங் பண்ணணும், வெப்பம் மாறினா திரும்பப் பாக்கணும், அந்த சர்க்கியூட்டும் ஃபர்ம்வேரும் வேற ஒருத்தன் சிப்புல கரண்டு சாப்புடும். மெமரி டேட்டாஷீட்ல பவர் அழகா தெரியும். செலவு காணாமப் போகல, பக்கத்து வீட்டு கணக்குல எழுதியாச்சு.

2019ல வந்த எல்பிடிடிஆர்5 இதை இன்னும் ஒரு படி கொண்டுபோச்சு, எனக்கு இந்த ஐடியா ரொம்பப் புடிக்கும். கமாண்டுக்கு மெதுவான க்ளாக், டேட்டாவுக்கு தனியா டபிள்யூசிகேன்னு ஒரு வேகமான க்ளாக். 6400ல டபிள்யூசிகே 3200 மெகாஹெர்ட்ஸ், கமாண்டு க்ளாக் வெறும் 800. டேட்டா போகாதப்போ அந்த வேகமான க்ளாக்கை நிறுத்திரலாம். உள்ள லாக் ஆக வேண்டிய லூப் எதுவும் இல்லாததால திரும்ப ஆரம்பிச்சு கமாண்டு க்ளாக்கோட ஒத்துப்போக வெச்சா போதும்.

எப்போ எடுக்கலாம்: பேட்டரில ஓடுறது, அடிக்கடி தூங்குறது, கன்ட்ரோலரும் உங்க கைலயோ உங்க பேச்சைக் கேக்குறவங்க கைலயோ இருக்கு. கன்ட்ரோலர் யாரோ ஒருத்தர் பண்றாரு, ஒரே ஸ்லாட்டுல எவன் மெமரிய வேணா சொருகுவாங்கன்னா இது ஆகாது.

## ஒரே பார்வைல

| | அனலாக் டிஎல்எல் | டிஜிட்டல் டிஎல்எல் | பிஎல்எல் | இஞ்செக்‌ஷன் லாக் | லூப் இல்லாம |
|---|---|---|---|---|---|
| க்ளாக்கோட நேரா நிறுத்துமா | நிறுத்தும் | நிறுத்தும், ஸ்டெப் அளவுக்கு | நிறுத்தும் | சாஞ்சு நிக்கலாம் | நிறுத்தாது |
| பெருக்குமா | இல்ல | இல்ல | ஆமா | ஆமா, சின்ன எண்ணுக்கு | இல்ல |
| இன்புட் ஜிட்டர் | அப்படியே விடும் | அப்படியே விடும் | வடிகட்டும் | ஓரளவு வடிகட்டும் | அப்படியே விடும் |
| சொந்தத் தப்பு சேருமா | சேராது | சேராது | சேரும் | கொஞ்சம் | சேராது |
| எழுந்திரிக்க | மெதுவா | கோட் இருந்தா வேகம் | ரொம்ப மெதுவா | வேகம் | உடனே |
| ஒளிஞ்சிருக்குற செலவு | கசிவு, ரெப்ளிகா | ஸ்டெப் ஆட்டம், ரெப்ளிகா | ரெகுலேட்டர், இடம் | காலிப்ரேஷன் | கன்ட்ரோலர் தலைல |

## எதை எடுத்தாலும் தப்பிக்க முடியாத ஒண்ணு

வேலைக்குச் சேந்த புதுசுல டெஸ்ட் சிப் ஒண்ணு வந்துச்சு, டேட்டா 'ஐ' (பிட்டெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா விழுற ஸ்கோப் படம்) பாத்தா ஒண்ணு விட்டு ஒரு பிட்டு ஒல்லியா இருக்கு. டிஎல்எல்தான் ஆடுதுன்னு நான் அடம்புடிச்சு ரெண்டு வாரம் அதையே நோண்டினேன். டிஎல்எல் கில்லி மாதிரி இருந்துச்சு. ஏறுற எட்ஜ் எல்லாம் சரியா நின்னுச்சு, எறங்குற எட்ஜ் தள்ளி நின்னுச்சு. ட்யூட்டி! லூப் ஏறுற எட்ஜை மட்டும்தான் பாக்குது, எறங்குறதைப் பத்தி அதுக்கு என்ன கவலை?

கணக்குப் போடுங்க. 312.5 பிகோ சைக்கிள்ல ட்யூட்டி 52 சதவீதம்னா மேல 162.5, கீழ 150. ரெண்டு சதவீதம்தானேன்னு தோணும், ஆனா ஒரு பிட்டு 6.25 பிகோ இழந்துருச்சு, அதோட ஜன்னல்ல நாலு சதவீதம், இன்னும் ஜிட்டரே கணக்குல வரல. அதனாலதான் டிடிஆர்5லயும் எல்பிடிடிஆர்5லயும் ட்யூட்டிய வெளிய இருந்தே திருத்த மோட் ரிஜிஸ்டர் (சிப்போட செட்டிங்கை எழுதுற எடம்) வெச்சிருக்காங்க. கரெக்டர் போடும்போது அளக்குற எடத்தை க்ளாக் ட்ரீயோட கடைசில வெயுங்க. ஆரம்பத்துல அளந்து திருத்திட்டு அப்புறம் இருபது இன்வெர்ட்டர் வழியா ஓட்டினா திரும்பக் கோணும், நாங்க அதையும் பண்ணிப் பாத்துட்டோம்.

க்ளாக் ட்ரீ பத்தியும் ஒரு வார்த்தை. லூப்போட பவரைக் கொறைக்க மூணு மாசம் ஒழைப்பாங்க, ட்ரீ குடிக்கிறதைப் பாக்க மாட்டாங்க. மொத்தம் 5 பிகோ ஃபாரட் லோடு, 1.1 வோல்ட், 3.2 ஜிகாஹெர்ட்ஸ்னா கெப்பாசிட்டன்ஸ் பெருக்கல் வோல்டேஜ் ஸ்கொயர் பெருக்கல் ஃப்ரீக்வென்ஸி, 19 மில்லிவாட்டுக்கு மேல. நாலு ஃபேஸா பிரிச்சு பாதி வேகத்துல ஓட்டினா பவர் பாதியாகும்னு நெனைக்காதீங்க, நேர் க்ளாக், தலைகீழ் க்ளாக்னு இருந்த ரெண்டு வயர் நாலாயிருச்சு, கணக்கு அதே எடத்துல வந்து நிக்குது. லாபம் வேற எடத்துல: பாதி வேகம்ன்றதால கரண்டு எப்பவும் ஓடிட்டே இருக்குற சிஎம்எல் பஃபருக்குப் பதிலா சாதா சிமாஸ் தாங்கும், க்ளாக் நின்னா அதோட கரண்டும் கசிவைத் தவிர நின்னுரும். ஆனா சிமாஸ் சப்ளை ஆட்டத்துக்கு ஆடும், சிஎம்எல் அவ்ளோ ஆடாது. இங்கயும் காசு குடுக்காம எதுவும் கெடைக்காது.

## சரி, நீங்க எதை எடுக்குறது

பிஇ கடைசி வருசம், கேடன்ஸ் (சிப் டிசைன் சாஃப்ட்வேர்) லைசென்ஸ் லேப்ல நாலு பேருக்கு ஒண்ணு, ரெண்டு மாசம் டைம்: டிஜிட்டல் டிஎல்எல். கண்ண மூடிட்டு எடுங்க. பாதி வெரிலாக்ல (சர்க்கியூட்டை கோடா எழுதுற மொழி) எழுதிரலாம், டிலே லைன் மட்டும் ட்ரான்சிஸ்டர் லெவல். லைசென்ஸே இல்லையா, ஸ்கைவாட்டர் 130 நானோமீட்டர் பிடிகே (ஒரு ஃபேக்டரியோட ட்ரான்சிஸ்டர் மாடல், டிசைன் விதி எல்லாம் இருக்குற தொகுப்பு) 2020ல இருந்து இலவசமா இருக்கு, சர்க்கியூட் வரைய எக்ஸ்கீமும் சிமுலேட் பண்ண என்ஜிஸ்பைஸும் வீட்டு லேப்டாப்லயே ஓடும். 130 நானோமீட்டர்ல 3.2 ஜிகாஹெர்ட்ஸ்னு டைட்டில்ல போட்டு மாட்டிக்காதீங்க, 400 மெகாஹெர்ட்ஸ் எடுங்க, டிடிஆர்3-800 க்ளாக் அதுதான், நிஜ ஸ்டாண்டர்டோட ஒப்பிட்டுக் காட்டலாம்.

எம்இ, ஒரு வருசம் இருக்கு, கைடு கூட ஒக்காருவாரு: இஞ்செக்‌ஷன் லாக்கிங்கோ எம்டிஎல்எல்லோ, தைரியமா. பிஎல்எல் எடுக்கச் சொல்லி கைடு விடாப்புடியா நின்னா சண்டை போடாதீங்க, கன்ட்ரோலர் பக்கத்து பிஎல்எல்னு டைட்டிலை மாத்திக்கோங்க, அப்போ நியாயமாயிரும்.

எஃப்பிஜிஏல (நம்ம இஷ்டத்துக்கு சர்க்கியூட்டை மாத்திக்கிற சிப்) பண்றேன்றவங்களுக்கு: உள்ள ரெடிமேடா இருக்குற க்ளாக் ப்ளாக், எம்எம்சிஎம், நீங்க டிசைன் பண்ணது இல்ல, அதை ஆன் பண்ணிட்டு பிஎல்எல் ப்ராஜெக்ட்னு சொன்னா வைவாவுல ஃபேனைப் பாக்க வேண்டி வரும். ஆனா ட்ரெயினிங் பண்ணலாம், அதாவது லூப் இல்லாத வழில கன்ட்ரோலர் தலைல விழுந்த வேலை. ஜைலிங்க்ஸ் செவன் சீரிஸ் எஃப்பிஜிஏல ஐடிலே (உள்ள வர்ற சிக்னலை லேட் பண்ற டிலே லைன்) ஒரு டேப் 200 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸுக்கு 78 பிகோ, அதை வெச்சு ஜன்னல் எங்க தொடங்குது எங்க முடியுதுன்னு தேடி நடுவுல நிறுத்துங்க. அருமையான ப்ராஜெக்ட், யாரும் எடுக்க மாட்டேன்றாங்க.

அளக்குறது பத்தி கடைசியா ஒண்ணு, லேப்ல இருக்குற 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்போட ரைஸ் டைம் மட்டுமே 3.5 நானோ, அதுல பிகோ செகண்ட் ஜிட்டர் அளந்தேன்னு ஸ்க்ரீன்ஷாட் போடாதீங்க. சிமுலேஷன்லயும் அதேதான், டைம் ஸ்டெப் 10 பிகோ வெச்சுட்டு 2 பிகோ ஜிட்டர்னு எழுதினா அது சிமுலேட்டரோட ஜிட்டர். சாதா ட்ரான்சியன்ட்ல நாய்ஸே வராது, நாய்ஸ் சோர்ஸை நீங்களா சொருகணும், சப்ளைல 50 மில்லிவோல்ட் ஆட்டம் போட்டும் ஒரு தடவை ஓட்டணும்.

பஸ் ஸ்டாண்டு தம்பி டிஜிட்டல் டிஎல்எல் எடுத்துட்டான், 400 மெகாஹெர்ட்ஸ். போன வாரம் படம் அனுப்புனான், டிபிகல்ல லாக் ஆவுது, ஸ்லோ கார்னர்லயும் ஆவுது, ஃபாஸ்ட் கார்னர்ல கோட் கடைசி எண்ணுல போய் முட்டிக்கிட்டு நிக்குது. "அண்ணா, ஃபாஸ்டுன்னா நல்லதுதானே, ஏன் லாக் ஆவல?"ன்றான். ஸ்டேஜெல்லாம் வேகமாயிட்டா மொத்த டிலே ஒரு சைக்கிளுக்குப் பத்தாதுடா, ஒரு ஸ்டேஜ் 40 பிகோன்னா 2.5 நானோவுக்கு 63 ஸ்டேஜ் வேணும், நீ 48 வெச்சிருக்கன்னு சொன்னேன். இப்போ இன்னும் பதினாறு சேத்துக்கிட்டிருக்கான், அதுக்கு பவர் எவ்ளோ கூடுதுன்னு ஞாயித்துக்கிழமை அதே பஸ் ஸ்டாண்டுல காட்டுறேன்னிருக்கான்.